டம்ளருக்கு வந்த மன அழுத்தம்

அந்த மாடியறைக்கு ஏறும் படிக்கட்டில் எள் போட்டால் எள் விழாது. மேலே இருப்பவர் 'மூளை வைத்தியர்'. பட்டத்தை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்பதால் தகராறு இல்லை.

எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், மன அழுத்தத்தில் துவண்ட எலிகளுக்கு ஒரு செடியின் சத்தைக் கொடுத்தார்களாம். மூளையின் அழற்சி தணிந்ததாம், சோர்வும் குறைந்ததாம். மனிதருக்கு உதவுமா என்று இனிமேல்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்களாம். நம் வைத்தியர் எலியையும் சோதனையையும் கழற்றிவிட்டு, செடியை மட்டும் சூரணமாக்கினார். அதே செடிதானா என்பது இடித்த உலக்கைக்கே வெளிச்சம்.

நெற்றியில் ஒரு பச்சைப் பட்டை ஒட்டுவார். அது சிவக்கும். "பாத்தீங்களா, மூளை எரியுது!" பிறகு ஒரு கரண்டி சூரணம். "மருந்து மேல ஏறணும்ல?" என்று நெற்றியில் ஐஸ் துணி. துணியை எடுத்தால் பட்டை பச்சை. கூட்டம் கைதட்டும்.

அன்று முன்னால் உட்கார்ந்தவன் வேலை போன அச்சகத் தொழிலாளி. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், டாக்டர் மாத்திரையில்தான் எழுந்து நடமாடினான். வைத்தியர் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தினான். பத்து நாளாய் மறுபடி சோறு இறங்கவில்லை. கூட அக்காவும் வந்திருந்தாள். அவள் குளிர்கிடங்கில் வேலை செய்பவள். பெட்டி சூடானால் சிவக்கும் அதே பட்டையைத் தினமும் ஒட்டுகிறவள்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று பட்டையை வைத்தியரின் சுடுதேநீர் டம்ளரில் ஒட்டினாள். சிவந்தது.

"அடடா, டம்ளருக்கும் மன அழுத்தமா!"

ஐஸ் துணியைச் சுற்றினாள். பச்சையானது.

"ஒரு சிட்டிகை சூரணம்கூடக் குடுக்கல. குணமாயிடுச்சே!"

"மனுஷ மூளையும் டம்ளரும் ஒண்ணாம்மா?" என்று வைத்தியர் சீறினார்.

"அப்ப உங்க நெத்தியிலேயே ஒட்டுவோம், வாங்க."

வைத்தியர் துண்டால் நெற்றியை மூடிக்கொண்டார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா... அந்த மாத்திரைய தூக்கிப் போட்டுட்டியா?"

"பத்திரமா வச்சிருக்கேன்டா. முதல்ல டாக்டர்கிட்டப் போவோம், எழுந்திரு."

அவன் எழுந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

படிக்கட்டின் அடியில் ஒருவர் பதறினார்: "ஏம்மா, சூரணம் தீந்துடுச்சா?"

"மூட்டை மூட்டையா இருக்குங்க. 'எப்படித் தெரியும்?'னு கேக்கத்தான் ஆள் இல்ல."

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, அவர்கள் விட்ட இடத்தைப் பிடிக்க ஒரு படி மேலே ஏறினார். நீங்களாவது கேட்டுவிட்டு ஏறுங்கள்!