தொட்டி முசேயும் பழுப்புப் பூக்களும்

பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்து ரசித்தவர்கள் உண்டு; கடலில் இறங்கிப் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் கடலையே அரசாங்க அலுவலகத்துக்குள் கொண்டுவந்து, தன் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்து மணி முதல் ஐந்து மணி வரை மேய்த்த மனிதர் ஒருவர்தான். அவர் தொட்டி முசே.

முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கப்பலேறிப் போன அதிகாரி ஒருவர் நாலு முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். மேஜை, நாற்காலி, மைக்கூடு எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு, தொட்டியை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. விட்டுவிட்டார்கள். பதிவறைக் குமாஸ்தாவான முசே அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

தினமும் காலையில் தலையில் தொப்பி, முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை, இரண்டு கையிலும் கடல்தண்ணீர்க் குடம். இதுதான் அவர் ஆபீசுக்கு வரும் கோலம். தொட்டிக்குள் மீனவர் வலையில் சிக்கி வந்த கடலடிப் பாறைக் கற்கள். வெறும் கல் இல்லை. அதன்மேல் ஊதாப் பூச்சு, பச்சைப் பாசி, குழாய்க்குள்ளிருந்து விசிறி விரிக்கும் ஒரு புழு. நடுவில் கோடுபோட்ட இரண்டு குட்டி மீன்கள்.

தண்ணீருக்குள் காற்று அனுப்ப ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிள் பம்பு. பதிவறையில் கோப்பு வேண்டும் என்றால் முதலில் ஐம்பது அடி அடிக்கவேண்டும். “அவசரமான ஃபைலு முசே” என்று யாராவது பறந்தால், “அப்ப எழுபத்தஞ்சு” என்பார்.

கல்லில் எது முளைத்தாலும் பூதக்கண்ணாடியில் பார்த்து, அதற்கென்று வைத்திருந்த பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவார். குடிமகன், விருந்தாளி, குற்றவாளி என்று மூன்று வகை. தலைமுடிபோல வளரும் பாசி, ஒரு விரற்கடை வரை விருந்தாளி. அதைத் தாண்டினால் குற்றவாளி. மீசை நரையைப் பிடுங்கும் இடுக்கியாலேயே அதையும் பிடுங்கிவிடுவார்.

நான் சேர்ந்த அன்றே விசிறிப் புழுவைக் காட்டி, “இது இன்னா சொல்லுங்க மதாம்?” என்றார். கல்யாணம் ஆகாத என்னையும் மதாம், அதாவது அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

“புழு மாதிரி இருக்கு. பிடுங்கிப் போட்டுடலாமே” என்றேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் என் மேஜைக்கு வந்து, “அத நீங்க அவமானப்படுத்திட்டீங்க. ஒரு தபா நேருல வந்து பாத்துடுங்க” என்றார். போய்ப் பார்த்தேன். அரிசி அளவுக்கு ஒரு விசிறி. சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருந்தது. என் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.

நாலைந்து வருடம் இப்படி நிம்மதியாக ஓடியது. பிறகு ஒரு புதுக் கல்லோடு வந்தது வினை. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடிபோலப் பழுப்பாக ஒரு பூ. முசே உடனே அந்தக் கல்லை வெளியே எடுக்கப் போனார். அப்போது பார்த்து எங்கள் அலுவலகத் தலைவர் வந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாங்கள் பெரியவர் என்போம்.

“நல்லா இருக்கேய்யா, சாமந்தி மாதிரி. இருக்கட்டும்!”

“அய்யா, அது பூ இல்லீங்க. கொட்டும். குடும்பத்தோட பெருகும்.”

“பூ பெருகினா நல்லதுதானே?”

பெருகியது. ஒன்று நாலானது, நாலு பன்னிரண்டானது. விசிறிப் புழு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டது. மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கின. ஒன்றின் வாலில் வெந்த தழும்பு.

இந்த நேரத்தில் டில்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை பார்வையிட வருவதாகத் தந்தி. முசே தங்கை வீட்டு விசேஷத்துக்குக் காரைக்கால் போயிருந்தார். பெரியவர், பியூன் கோவிந்தனைக் கூப்பிட்டு, “அசிங்கமா இருக்கு, எல்லாத்தையும் சுரண்டி எடு” என்று உத்தரவு போட்டார். கோவிந்தன் பேனாக்கத்தியால் பக்தியோடு சுரண்டினார். ஒரு வாரம் கழித்து முசே திரும்பி வந்தபோது, சுரண்டிய ஒவ்வொரு துணுக்கும் தனித்தனிப் பூவாகத் தலைதூக்கியிருந்தது. எண்ணினார். அறுபத்திரண்டு.

“ஒண்ண வெட்டினா அஞ்சாவுமய்யா அது!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியவருக்குத் தன்மேல் வந்த கோபம் தொட்டிமேல் பாய்ந்தது. “போதும்யா. அப்படியே தூக்கிக் கடல்ல கொட்டு.”

முசே எழுந்தார். அத்தனை வருடத்தில் அவர் மேலதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். “திங்கக்கிழம காலைல வரைக்கும் டைம் குடுங்க. முடியலன்னா நானே தூக்கினு போறேன். திரும்பி வரமாட்டேன்.”

அன்று வியாழன். வினிகர் ஊற்றிப் பார்த்தார். வெந்நீர் விட்டுப் பார்த்து, தன் கட்டைவிரலை வேகவைத்துக்கொண்டார். தொட்டால் போதும், அந்தப் பூ கல் பொந்துக்குள் சுருங்கிப் போய், கை விலகியதும் மறுபடி சிரித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவிந்தன் வெற்றிலை போட்டவர், திடீரென்று குதித்தார். “ஐயோ, சுண்ணாம்பு சாஸ்தியாப் பூடுச்சு! வாயெல்லாம் வெந்துபோச்சு முசே!”

முசே அவரை இரக்கமே இல்லாமல், ஆனந்தமாகப் பார்த்தார்.

“அதுக்கும் வாய் இருக்குதே!”

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் ஆபீஸாக இல்லை. கோவிந்தனின் சுண்ணாம்பு டப்பா பறிமுதல் ஆனது. ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஊசி இரவல். சுண்ணாம்பைக் கடல்தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும், பூவின் நடுவாயில் மேலிருந்து ஒரு சொட்டு வைக்கவேண்டும். தீனி என்று நினைத்து அது விழுங்கிவிடும். ஆனால் முசேயின் வெந்த கட்டைவிரல் ஊசியைத் தள்ள மறுத்தது.

“மதாம், நீங்க புடிங்க. டைப்பு அடிக்கிற கை நடுங்காது.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் சொட்டை வைத்தேன். பூ அதை ஆசையாக அணைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் வெள்ளையாகிச் சுருண்டது. மறுபடி எழவில்லை.

“வலா!” என்று, பிரெஞ்சில் ‘இதோ பார்!’ என்று, முசே போட்ட சத்தத்தில் அடுத்த அறைக் கணக்கர் ஓடிவந்தார்.

ஒரே மூச்சில் அத்தனைக்கும் வைத்தால் சுண்ணாம்பு மீன்களைக் கொன்றுவிடும். ஆகவே வேளைக்குப் பத்துதான். ஒவ்வொரு தடவையும் நாலு குடம் பழைய தண்ணீரை எடுத்துப் புதிதாக ஊற்றவேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடற்கரையிலிருந்து பதிவறை வரை ஆட்கள் வரிசையாக நின்று குடம் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வரிசையில் ஒரு புதுக்கை குடத்தை வாங்கியது. பார்த்தால், பெரியவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “நான்தானே இருக்கட்டும்னு சொன்னது” என்று முணுமுணுத்தார். முசே அவரிடம் இரண்டு குடமாகக் கொடுத்தார்.

திங்கட்கிழமை டில்லிக்காரர்கள் வந்தார்கள். மற்ற அறைகளைக் கால்மணியில் முடித்தவர்கள், தொட்டி முன்னால் நின்றுவிட்டார்கள். ஊதாக் கல், பச்சைப் பாசி, மீன்கள். ஒரு பழுப்புப் பூ இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, வாரக்கணக்கில் முகம் காட்டாத விசிறிப் புழு மெல்ல எட்டிப் பார்த்து விரிந்தது.

“யார் பராமரிப்பது?” என்று டில்லிக்காரர்களில் மூத்தவர் இங்கிலீஷில் கேட்டார்.

பெரியவர் முசேயை முன்னால் தள்ளினார். முசேக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், மீதி இரண்டு கையும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார்; அதற்குள் அவர்களுக்காகத் தயாராக இருந்த விருந்து ஆறிப்போனது. கடைசியில் எங்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து நிறுத்தினார்: “இவரு தண்ணி. இவரு சுண்ணாம்பு. இந்த மதாம்தான் ஊசி.” டில்லிக்காரர் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். எத்தனையோ பதவி உயர்வு பிறகு வந்தது. எதற்கும் நான் அன்றுபோல நிமிர்ந்து நின்றதில்லை.

முசே ஓய்வு பெற்ற நாளில் மீன்களையும் கற்களையும் அவரே கடலில் கொண்டுபோய் விட்டார். நாங்கள் எல்லாரும் கூடப் போனோம். எனக்கு அப்புறம் எத்தனையோ அலுவலகம், எத்தனையோ மேலதிகாரிகள். ஆனாலும் யாராவது, “எந்த டிபார்ட்மெண்டுல இருந்தீங்க?” என்று கேட்டால், துறையின் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை.

“தொட்டி முசேகிட்ட வேலை பாத்தேன்” என்றுதான் வாய் சொல்கிறது.