துண்டுக்குள்ளே முடிந்த சிவப்புக் கார்

செண்பகவல்லித் தாய் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கற்பூரத்தைக் கொளுத்தி வையுங்கள், கையால் அடித்து அணைக்கிறேன். பொய் என்றால் என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். நாலாவது பல் போன கதை வேறு. அது ஒரு பொய்யால் போனது என்று ஊரில் சொல்லுவார்கள், நம்பாதீர்கள்.

இடைசெவலுக்குத் தெற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி மாயகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. பருத்தியும் உளுந்தும் போடுவார். அதுபோக அறுபது வெள்ளாடு. ஆட்டைச் சாலையோரம் மேயவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, போகிற வருகிற காரைப் பார்ப்பதுதான் இருபது வருஷமாக அவருடைய உத்தியோகம்.

அப்படி ஒருநாள் அந்தச் சிவப்புக் கார் போனது. போனதை அவர் பார்க்கவில்லை, போன பிறகுதான் பார்த்தார். கார் கயத்தாறு தாண்டிய பிறகுதான் அதன் சத்தம் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த கொம்பன் கிடா வெடுக்கென்று தெற்கே தலையைத் திருப்பியது. திருப்பிய தலை இரண்டு நாளைக்கு நேராகவில்லை. வேப்பெண்ணெய் போட்டு நீவி விட்டுத்தான் சரியாச்சு.

அன்றைக்குப் பிடித்தது மாயகிருஷ்ணனுக்குக் கார்ப் பைத்தியம். அந்தக் காரில் யார் போகிறார்? இந்த ஓட்டம் ஓடி எங்கே போகிறார்? எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி அவரைச் சோறு தின்னவிடவில்லை. வெளியே நின்று பார்த்தால் கார் ஒரு சிவப்புக் கோடாகத் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஆடு எப்படித் தெரியும்?

கொஞ்ச காலம் கழித்து அந்தக் கார் வருவது நின்றுபோனது. துக்கம் கேட்கப் போகிறவர் மாதிரி விசாரித்துக்கொண்டே போய், கோவில்பட்டியில் பழைய கார் விற்கிற காளிராஜ் கடையில் அதைக் கண்டுபிடித்தார். ஜெர்மன் கார். கம்பெனி பேரை நான் சொல்லமாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களா வந்து நிற்பீர்கள்?

"மதுரையில ஒரு டாக்டரு வச்சிருந்தது அண்ணாச்சி," என்றார் காளிராஜ். "காலையில அங்கன ஆபரேஷன், மத்தியானம் நாகர்கோவில்ல ஆபரேஷன். ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு."

"அம்புட்டுமா?"

"பூமியை ஆறு சுத்து சுத்தியாச்சு. நிலாவுக்குப் போக இன்னும் ஒன்றரை லட்சந்தான் பாக்கி."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் மாயகிருஷ்ணன், "ஆட்டுக்கு மருந்து வாங்கிட்டு வாரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குக் கிளம்பிவிடுவார். எட்டு வாரம் போனார். ஒரு ஆட்டுக்கும் தும்மல்கூட இல்லை, ஆனால் வீட்டில் எட்டு பாட்டில் பூச்சிமருந்து வரிசையாக நின்றது.

வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார். இடையில் ஒரே ஒரு தடங்கல். அதன் பெயர் சத்தியபாமா.

சத்தியபாமா புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். அவள் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அந்த வீட்டுக்குள் நாலுகால் எதுவும் நுழைந்ததில்லை. அவள் சந்தைக்கு வருகிறாள் என்று தெரிந்தால் வியாபாரிகள் ஆட்டின் வாயைப் பொத்திக்கொள்வார்கள். விலை பேசுவதிலோ கேட்கவே வேண்டாம். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைத் தொட்டுத் தொட்டுத்தானே விலை பேசுவார்கள்? பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. அந்தத் துண்டுக்குள்ளே சத்தியபாமாவின் விரல் போனால், வெளியே எடுக்கும்போது வியாபாரி தன் கையில் ஐந்து விரலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வான்.

மாயகிருஷ்ணன் யோசித்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சரி என்ற எதற்கும் அவள் சரி என்றதில்லை. அவர் சிவப்பு ஃப்ரிட்ஜ் என்றார், நீலம் வந்தது. மருமகனுக்கு மோதிரம் என்றார், வாட்ச் போனது. இட்லி என்றால் தோசை. அப்படியானால், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

இந்த யோசனை வந்ததும் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

"ஏ பாமா, கோவில்பட்டியில பழைய கார் விக்கிற காளிராஜ் இருக்கான்லா? ஒரு கார் வச்சிருக்கான். அம்புட்டு மோசமான கார்."

ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எம்புட்டு மோசம்?"

"ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ஓடிருக்கு."

"பெறகு?"

"பெட்ரோலை அண்டா அண்டாவா குடிக்கும். ஆறு செகண்டுல நூறுக்குப் போயிருமாம், குடும்பத்துக்கு ஆகுமா அது? ஒரு திருகாணி வேணும்னாலும் கப்பல்லதான் வரணும். தரையோட தரையா இருக்கு, நம்ம வண்டிப்பாதையில வயிறு தட்டும்."

"கலரு?"

"சிவப்பு. கண்ணு கூசுது. எனக்குப் புடிக்கவே இல்ல."

"புடிக்காத கார் பத்தி இம்புட்டு வெவரம் வச்சிருக்கீகளே?"

மாயகிருஷ்ணன் துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். "எதிரியைப் பத்தித்தான் வெவரமாத் தெரிஞ்சு வச்சிருக்கணும்."

"அப்ப அந்த எதிரியை நாளைக்கு நானும் பாக்கணும்."

விழுந்துவிட்டாள்! மாயகிருஷ்ணன் தொழுவத்துக்குப் பின்னால் ஓடிப்போய்க் காளிராஜுக்குப் போன் போட்டார். "நாளைக்கு நான் உம்ம காரைத் திட்டுவேன். கண்டுக்காதீரும். நான் திட்டத் திட்டத்தான் அவ வாங்குவா."

"எத்தனையோ பேருக்கு வித்திருக்கேன் அண்ணாச்சி, உங்க வீட்டு வழக்கம் புதுசா இருக்கு," என்றார் காளிராஜ்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் போய் இறங்கினார்கள். அந்த பைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. மாயகிருஷ்ணன் தான் குளிக்காத நாளிலும் அதைக் குளிப்பாட்டிவிடுவார்.

சத்தியபாமா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரை மூன்று சுற்று சுற்றினாள். பின்புறத்தைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க, வாயைத் தொறங்க," என்றாள்.

காளிராஜ் வாயைத் திறந்தார்.

"உம்ம வாயை இல்ல அண்ணாச்சி, காரு வாயை."

பானெட் திறந்தது. ஆயில் கம்பியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து, குனிந்து, கால் மிதிக்கிற இடத்தைத் தடவினாள். மாயகிருஷ்ணனும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். எட்டு வாரமாக வந்தும் அவர் பார்க்காத இடம் அது.

"பிரேக்கு ரப்பர்ல புள்ளிகூட அழியல. ஆக்சிலேட்டர் ரப்பர் காசு மாதிரி வழவழன்னு தேஞ்சுபோயிருக்கு. உம்ம டாக்டரு எங்கயும் நின்னதே இல்லபோல."

"நாலுவழிச் சாலை ஓட்டம்க்கா. மேடு பள்ளம் தெரியாத கார்."

"கட்டிப்போட்டுத் தீனி போட்ட ஆடு பாக்கத்தான் லட்சணமா இருக்கும், ரெண்டு மைல் நடந்தா எளைக்கும். தெனம் மேய்ச்சலுக்கு நடந்ததுக்குத்தான் நெஞ்சு திடம். இது நடந்த ஆடு."

மாயகிருஷ்ணனுக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல் இருந்தது. ஆனால் வேஷம் போட்டாகிவிட்டதே! "என்னத்த திடம்? டயரைப் பாரு, மொட்டை!"

"ஆமா, மொட்டைதான். காளிராஜ் அண்ணாச்சி, இவிய சொல்லுதது கேட்டுச்சா?"

காளிராஜ் மாயகிருஷ்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். போதும், நிறுத்தும் என்று அர்த்தம். 'அப்படித்தான், விடாதீரும்' என்கிறார் என்று நினைத்துக்கொண்டார் மாயகிருஷ்ணன்.

"பின்னாடி உக்காந்தா லொட லொடன்னு சத்தமாம். ஏசி எண்பதுக்கு மேல போனாத்தான் குளிருதாம். மழை பேஞ்சா எடது பக்கக் கதவுல தண்ணி எறங்குதாம்."

"அப்படியா? பெறகு?"

காளிராஜ் இரண்டு கண்ணையும் மாறி மாறி அடித்தார்.

"கண்ணுல தூசி விழுந்திருச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள் சத்தியபாமா. "நீங்க சொல்லுங்க, பெறகு?"

வந்த வேகத்தில் மாயகிருஷ்ணன் கடைசிப் பாணத்தையும் எடுத்துவிட்டார். வலது கையைக் கழுகுமலை இருக்கிற திசைக்கு நீட்டினார். "ஏட்டி, ஒன்னு சொல்லிப்போட்டேன். நீ இதை வாங்குனா, கழுகுமலை முருகன் மேல சத்தியமா, இந்தக் கார்ல நான் காலெடுத்து வைக்கமாட்டேன்!"

வாங்கட்டும், ஒரு தேங்காயை உடைத்து முருகனிடம் பேசிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

சத்தியபாமா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க துண்டைக் குடுங்க," என்றாள்.

அவர் துண்டை வாங்கித் தன் கைமேலும் காளிராஜ் கைமேலும் போட்டாள். கார்க் கடையில் துண்டு போட்டு விலை பேசியது கோவில்பட்டியில் அதுதான் முதல் தடவை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

துண்டு ஒருதரம் எழும்பியது. ஒருதரம் பதுங்கியது. "மொட்டை டயரு," என்றாள் சத்தியபாமா, காளிராஜ் முகம் சுருங்கியது. "கதவுல தண்ணி," என்றாள், இன்னும் சுருங்கியது. எத்தனை விரல்? எந்த விரல்? மாயகிருஷ்ணன் குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், துண்டு நெசவின் இடுக்கு வழியாகவும் பார்த்தார். அவருடைய சொந்தத் துண்டு, அவருக்கே காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியில் சத்தியபாமா தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். காளிராஜும் பார்த்தார். மாயகிருஷ்ணனும் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. டீக்கடை, ஒரு வேப்பமரம், அவருடைய பைக்கு.

காளிராஜ் தலையை ஆட்டினார். துண்டு விலகியது. பேச்சு முடிந்தது.

மாயகிருஷ்ணன் முகத்தைத் துக்க வீடாக வைத்துக்கொண்டார். உள்ளே வேட்டுப் போட்டுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. "சொன்னதைக் கேக்கமாட்டியே. சரி, வாங்கித் தொலைச்சாச்சு. சாவியைக் குடு, வீட்டுல கொண்டுபோயி விடணும்லா."

சத்தியபாமா சாவியைக் கொடுக்கவில்லை. முன்கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி! அங்கன எதுக்கு உக்காருத?"

அவள் சுருக்குப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப எடுத்த?"

"செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை மகளிர் குழுக் கூட்டம்னு வந்தேம்லா, அப்ப. அந்தா எதுத்தாப்புல இருக்கே டிரைவிங் ஸ்கூலு. எட்டு வாரமும் அவிய கார்ல இந்தத் தெரு வழியாத்தான் போயிட்டு வந்தேன். எட்டு வாரமும் நீங்க இந்தக் காரு மேல கன்னத்தை வச்சு நின்னுக்கிட்டு இருந்தீக. மொத வாரம் மயக்கமோன்னு பயந்துட்டேன்."

மாயகிருஷ்ணன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தவ அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா, குழுக் கூட்டத்துல இருக்கவேண்டியவ இங்கன எப்படி வந்தன்னு நீங்க கேப்பீகளே."

"சரி, தள்ளி உக்காரு. நான் டிராக்டரே ஓட்டுனவன்."

"உங்க லைசென்ஸு ரெண்டு சக்கரத்துக்குத்தான இருக்கு?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. எட்டு வாரம் காரை யோசித்தவர், லைசென்ஸை ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. "அப்ப பக்கத்துல உக்காந்தாவது வாரேன்."

சத்தியபாமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா! அவரு மேல சத்தியம் பண்ணிட்டு ஏறலாமா? சாமி குத்தம் ஆயிரும். புள்ளகுட்டி இருக்கிற வீடு."

"ஒரு தேங்காயை உடைச்சா..."

"தேங்காய்க்கு மசியுத சாமியா அவரு? நீங்க பின்னாலயே வந்து சேருங்க."

சிவப்புக் கார் உறுமியது. ஆறாவது செகண்டில் தெருவில் அது இல்லை.

மாயகிருஷ்ணன் தளர்ந்துபோய்ப் பைக்குப் பக்கம் நடந்தார். அதன்மேல் காளிராஜ் உட்கார்ந்திருந்தார்.

"சாவி அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"பைக்கையும் சேத்துத்தான் துண்டுக்குள்ள முடிஞ்சது. அவிய அப்பா குடுத்த பைக்குதானாமே?"

அன்று மாயகிருஷ்ணன் டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். என்ன விலைக்கு முடித்தாள் என்று இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது. கேட்டால், கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, "தொட்டுப் பாத்துக் கண்டுபிடிங்க," என்கிறாள். எத்தனை தடவை தொட்டாலும் விரல் மாறி மாறி வருகிறது. காளிராஜைக் கேட்டால் அவர் அழ ஆரம்பித்துவிடுகிறார்.

இப்போதும் மாயகிருஷ்ணன் நாலுவழிச் சாலையோரம்தான் ஆட்டோடு நிற்கிறார். சனிக்கிழமை காலையில் அந்தச் சிவப்புக் கோடு ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. கொம்பன் கிடா இப்போது தலையைத் திருப்புவதில்லை. அதற்குப் புத்தி வந்துவிட்டது.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார். "ஏ பாமா, ஒன்னே ஒன்னு சொல்லு. உள்ள இருந்து பாத்தா நம்ம அறுபது ஆடும் எப்படித் தெரியுது?"

"நல்லாத் தெரியுது," என்றாள் சத்தியபாமா. "எண்ணிக்கூடப் பாத்தேன். அறுபத்தொன்னு."

அவ்வளவுதான் கதை. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். யாராவது கேட்டால் கொம்பன் கிடா சொன்னது என்று சொல்லிவிடுங்கள். எனக்கு ஒன்றும் பயம் கிடையாது. சந்தைக்கு நான் அந்தக் காரின் முன்சீட்டில்தான் போய்வருகிறேன், அதுக்குத்தான்.