இரண்டு லேப்டாப்பில் ஒரு முகம்

ஒரு காலத்தில் சிவகாசியில் அச்சான லட்சுமி, சரஸ்வதி, காமாட்சி அத்தனை பேருக்கும் ஒரே மூக்குதான். சந்தேகமிருந்தால் பழைய காலண்டர் அட்டையைத் தேடிப் பாருங்கள். மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணுக்கும் அதே மூக்கு, அதே மோவாய்க் குழி. இந்த அநியாயத்துக்குப் பொறுப்பு ஒரே ஆள்: எங்கள் அச்சகத்து டிசைன் ரூமில் எனக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்த மூஞ்சி அண்ணாச்சி.

கை, கால், நகை, தாமரை எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு முகம் மட்டும் செய்வார். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். பிரஷ் பிடித்த காலத்துப் பழக்கம், கம்ப்யூட்டர் வந்தும் விடவில்லை. ஒருநாள் கண் திறக்கும்போது மானிட்டர் முன்னால் சூடம் ஏற்றிவிட்டார். தாள் மலையாகக் குவிந்து கிடந்த கட்டடத்திலிருந்து நாங்கள் அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினோம்.

"சூடம் காட்டலேன்னா சாமி கோவிச்சுக்கிடாதா மொதலாளி?" என்று அச்சக முதலாளியிடமே கேட்டார்.

"கோவிச்சா எங்கிட்ட வரச் சொல்லுய்யா. எனக்குத் தீயணைப்பு வண்டி வந்தாத்தான் பயம்!"

தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. பட்டாசுப் பெட்டி டிசைனை ஸ்கிரீனில் 3டி-யாகச் சுற்றிச் சுற்றிக் காட்டி வடநாட்டுப் பார்ட்டிகளை மடக்க வேண்டுமென்று முதலாளிக்கு ஆசை. மதுரையிலிருந்து ஒரு கடைக்காரப் பையன் இரண்டு லேப்டாப்போடு வந்து இறங்கினான். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று. உள்ளே கிராபிக்ஸ் கார்டுதான் வேறு. ஒன்று 256 எம்.பி., மற்றது 512.

"எது நல்லதுன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடு. ஒண்ணத்தான் வாங்குவேன், மத்தது மதுரைக்குப் போயிரும்" என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

பெட்டிகளைச் சுற்றவிட்டேன். 512 பம்பரமாகச் சுற்றியது. 256 திக்கித் திணறியது. இன்னும் கனமான ஃபைல் இருந்தால் நல்லது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு லேப்டாப்பிலும் திறந்தேன். ஒரு பெண்ணின் தலை. கிரீடமில்லை, நகையில்லை, கண் மூடியிருந்தது. ஆனால் அதே மூக்கு, அதே மோவாய்க் குழி.

அவர் சம்சாரம் பொன்னுத்தாய். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய், ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தவர். மிச்சமிருந்தது ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான். அதிலும் ஃபிளாஷ் அடித்த நேரத்தில் கண்ணை மூடியிருந்தார். அதை வைத்துத்தான் இந்த முகம். இமைக்கு உள்ளே கண்ணையும் செய்து வைத்திருக்கிறாராம், திறக்க மட்டும் பயமாம்.

"தொறந்து, அது அவ பார்வையா இல்லாமப் போயிட்டா? அதான் மூடியே வச்சிருக்கேன்" என்றார்.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பக்கத்துக் கட்டடத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கலர் சரியாகத் தெரிய வேண்டுமென்று எங்கள் ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருப்போம். உச்சி வெயில் நேரத்தில் உள்ளே கும்மிருட்டு. பேட்டரியில் ஓடிய இரண்டு லேப்டாப் மட்டும் வெளிச்சமாக இருந்தன. இரண்டு பொன்னுத்தாய்கள் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில், சுவரில் ஒட்டியிருந்த இருபது லட்சுமிகளும் அதே முகத்தோடு எங்களைப் பார்த்தார்கள்.

512-இல் அந்த முகம் தூங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. 256-இல் எங்கள் பக்கம் திரும்பியதும் நின்றது. இமை துடித்தது. உள்ளேயிருந்து ஒரு கண் பார்த்தது. உடனே மூடிக்கொண்டது.

"ஏலே, நீ எதையும் தொட்டியா?"

"சத்தியமா மவுஸ்ல கையே வைக்கல அண்ணாச்சி!"

அண்ணாச்சி முன்னால் குனிந்தார். "பொன்னு" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

இரண்டு கண்ணும் திறந்தன.

மதுரைப் பையன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். எழுந்து, நடுங்குகிற குரலில் விளக்கம் வேறு சொன்னான். "பயப்படாதீங்க சார். இமையும் கண்ணும் ரொம்ப ஒட்டி இருக்கு. எது முன்னாடி, எது பின்னாடின்னு இந்தக் கார்டுக்குக் குழப்பம். மாறி மாறிக் காட்டுது. டிரைவர் சாஃப்ட்வேர மாத்திட்டா சரியாயிரும்."

கை நீட்டியவனின் மணிக்கட்டை அண்ணாச்சி பிடித்தார். "ஒண்ணையும் சரி பண்ண வேண்டாம். கைய எடுங்க தம்பி."

பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்குப் பிறகு நான் ஏழெட்டு முறை சுற்றவிட்டுப் பார்த்தேன், இமை அசையவில்லை. அவர் கூப்பிட்டபோது மட்டும்தான் இரண்டு கண்ணும் திறந்தன. எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரண்ட் வந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எதத் திருப்பி அனுப்பப் போறே?"

என் தாளில் எல்லாச் சோதனையிலும் 512 ஜெயித்திருந்தது.

"அவ போன அன்னைக்கு மூஞ்சியத் துணியால மூடிக் கட்டிட்டாக. கடைசியா ஒருவாட்டி காட்டுங்கன்னு எம்புட்டோ கேட்டேன், காட்டலையேலே" என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, அழவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்: '512 கார்டு சீக்கிரம் சூடாகிறது. பட்டாசு கம்பெனிகளுக்கு எடுத்துப்போவது நல்லதல்ல.'

முதலாளி ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை. "சூடாகுதா? ஐயய்யோ, மொதல்ல அதத் தூக்கி வேன்ல ஏத்துங்கப்பா!"

மதுரைப் பையன் வாயைப் பிளந்தபடி 512-ஐக் கட்டிக்கொண்டு போனான்.

அந்தப் பாவத்துக்கு இரண்டு வருடம் நான் அனுபவித்தேன். சீசன் நேரத்தில், ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது, அந்த 256 பாதியில் நின்று உயிரை வாங்கும். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே எழுந்து, லேப்டாப்பை அண்ணாச்சி பக்கம் தள்ளிவைப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பென் டிரைவை எடுப்பார்.

"நான் டீ குடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி. மதினி முழிச்சாகன்னா, நான் கேட்டதாச் சொல்லுங்க."