பல்ஸ் சேச்சி எண்ணிய நாற்பத்தொன்று

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உயிரோடிருந்த எல்லோரும் பல்ஸ் சேச்சியின் அனுமதியோடுதான் உயிரோடிருந்தோம். ஆஸ்பத்திரியில் நர்ஸிங் அசிஸ்டென்டாக இருந்தவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், எங்கள் மணிக்கட்டுகளிலிருந்து அல்ல. பஸ் ஸ்டாப், மீன் சந்தை, கோயில் கொடியேற்று, சர்ச் பெருநாள், எங்கே கண்டாலும் கையைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணத் தொடங்கிவிடுவார். ‘சுகமா’ என்று கேட்கமாட்டார். வாய் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போகாமல் கை கொடுத்துத் தொலைத்தார். சேச்சி ஒரு முழு நிமிடம் விடவில்லை. “நூத்திப்பத்து ஆக்கும். இப்பமே தோத்த மாதிரி அடிக்கு. இரி மக்கா, கொஞ்சம் வெள்ளம் குடி.” கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டு மணப்பெண்ணிடம் சொன்னார்: “பயப்படாத மக்ளே, உன்னைவிட அவன்தான் பேடிச்சிருக்கான்.”

என் மகள் அஞ்சு ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். ஆறு வருடமாக ரப்பர் தோட்டத்துப் பனியைக் கிழித்துக்கொண்டு காலையில் ஓடுவாள், வெயில் சாய்ந்ததும் மறுபடி ஓடுவாள். அவள் நிழல்கூட மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்தான் வந்து சேரும். மாநில அணித் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. மதியம் தூங்கி எழுந்து, பயிற்சிப் பையோடு வாசலில் இறங்கியவளைச் சேச்சி பிடித்துவிட்டார்.

எண்ணினார். முகம் மாறியது. என் வாட்சைக் கழற்றி வாங்கி மறுபடி எண்ணினார்.

“நாப்பத்தொண்ணு.”

“அது நல்லதுதானா சேச்சி?”

“எலே, அறுபதாவது வேணும்லே! பிள்ளைக்க நெஞ்சு நிக்கப்போவுது. ஓட்டோவ விளி!”

“காலம்பற பத்து கிலோமீட்டர் ஓடினவளாக்கும் நான்,” என்றாள் அஞ்சு.

“மிண்டாத! ஒரு அடி நடக்கப்பிடாது.”

எங்கள் ஒடுங்கிய இடவழிக்குள் ஓட்டோ வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து நாலு பேர் சுமந்தோம். நால்வரில் எவனும் கால் கிலோமீட்டர் ஓடியவன் இல்லை. எங்களுக்குத்தான் இளைத்தது. அவள் வெட்கத்தில் துப்பட்டாவால் முகத்தை மூட, கண்டவர்கள் அதைவைத்தே முடிவு கட்டி, பெருங்கடவிளை வரை தகவல் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இசிஜி, எக்கோ. “ஹார்ட் கொஞ்சம் பெருசா இருக்கு,” என்றார் டாக்டர். எனக்குள் ஒரு கிணறு இடிந்து விழுந்தது. அஞ்சு கேட்டது ஒன்றுதான்: “இனி ஓட முடியாதா?”

டாக்டர் அவள் பயிற்சியைப் பற்றி நிறையக் கேட்டார். வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார். பிறகு சிரித்தார். “வருஷக்கணக்கா கடுமையா ஓடினா பெண்பிள்ளைகளுக்கும் இதயத்தோட அறை விரியும். ஒரு துடிப்பிலயே நிறைய ரத்தம் தள்ளும், அதனால மெதுவாத் துடிச்சாப் போதும். இது நோயில்லை. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தா மட்டும் உடனே வரணும். இப்ப ஓடட்டும்.”

சேச்சி சுவரில் சாய்ந்துவிட்டார். “முப்பது வருஷம் நான் பிடிச்சதெல்லாம் படுத்துக் கெடந்தவங்க கையாக்கும். ஓடுத பெண்ணுக்க கையை எப்பம் பிடிச்சேன்?”

அஞ்சு பையிலிருந்த ஷூவை மாட்டிக்கொண்டு, “நான் ஓடியே வாறேன்” என்று கிளம்பிவிட்டாள். ஓட்டோவில் நாங்கள் அவள் பின்னால். ஓட்டோக்காரன் முந்தப் பார்த்தான்.

“முந்தாதலே. அவ முன்னால போவட்டும்,” என்றார் சேச்சி.

கண்ணைத் துடைத்துக்கொண்ட அவர் மடியில், அஞ்சு கழற்றிப்போட்டுப் போன செருப்பு இரண்டும் இருந்தன. கீழே வைக்கச் சொன்னேன். வீடு வரும்வரை வைக்கவில்லை.