குலுக்கண்ணன் கட்டிய மலைசைக்கிள்

மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடுகூட இல்லாத ஊரில் மலைசைக்கிள் கட்டி, அதற்காகப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீட்டில் இருந்தார். எனக்கு மூன்று கதவு தள்ளி. அவர் செய்த காரியங்களைப் பார்த்துப் பார்த்து, திறந்த வாயை மூட மறந்துபோய் நின்றதுதான் அந்த வருஷத்தில் நான் செய்த முக்கியமான வேலை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். எங்களுக்கு அவர் குலுக்கண்ணன். தெருவிளக்குக்கு பல்பு மாற்றும் வேலை. ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய கறுப்பு சைக்கிளில், யார் வம்புக்கும் போகாமல் வந்துபோகிற மனிதராகத்தான் முதலில் இருந்தார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும், அவர் மனைவி பார்வதியக்கா படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்தார். முதுகில் அடி. மாதக்கணக்கில் படுக்கை. ஒருவழியாக எழுந்து நடமாட ஆரம்பித்தபோது டாக்டர் சொன்னார், "நடக்கலாம், உக்காரலாம். குலுக்கம் மட்டும் ஆகவே ஆகாது."

அன்றைக்குப் பிடித்தது அண்ணனுக்கு. எதைப் பார்த்தாலும் அது குலுங்குமா, எவ்வளவு குலுங்கும் என்பதுதான் கேள்வி. ஆட்டோ ஸ்டாண்டில் போய் ஒவ்வொரு வண்டியையும் பின்னால் பிடித்து அமுக்கிப் பார்ப்பார்.

"சேட்டா, இது நல்லா குலுங்குமோ?"

"அண்ணாச்சி, இது ஆட்டோவாணு. தொட்டிலல்ல."

சிரிப்பாகத்தான் இருந்தது, தை மாதம் வரை. பார்வதியக்காவுக்குக் குழந்தை இல்லை. பள்ளுருத்தியில் இருக்கிற தங்கையின் மகள் செல்வியை ஏழு வயது வரை வளர்த்தவர் அவர்தான். அந்தச் செல்விக்கு நிச்சயதார்த்தம். அக்கா ஆட்டோவில் போனார். போன வழியெல்லாம் குழி. திரும்பி வந்தவர் பத்து நாள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. பதினோராம் நாள் சொன்னார், "கல்யாணத்துக்கு நான் வரலைங்க. போட்டோ கொண்டு வந்து காட்டுங்க, போதும்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஓணம் கழிஞ்சு கல்யாணம். அவ உக்காந்து போகணும், வலிக்காம எறங்கணும். அவ்வளவுதான் கேட்டியா. அதுக்கு என்ன வேணா செய்வேன்."

என்ன வேணா என்றால் இதுவாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"டாக்சி பிடிங்கண்ணே" என்றேன். "அஞ்சு ஆளுக்கு வெச்ச ஸ்பிரிங்குடா அது. ஒல்லியா ஒரு ஆள் உக்காந்தா தூக்கி எறியும்" என்றார். படகு என்றேன். படகுத்துறையின் பெயரைக் கேட்டாலே அக்காவுக்கு வியர்க்கிறது என்றார். சரி, விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஃபோர்ட் கொச்சியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன், மூணாறில் மலையேறி இறங்கிய சைக்கிளோடு எங்கள் பஜார் ரோட்டில் வந்தான். மிளகு குடோன் முன்னால் இருந்த குழி ஊருக்கே தெரிந்த குழி. லாரிகளே அதை நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். வெள்ளைக்காரன் நேராக அதில் இறங்கினான். சக்கரங்கள் உள்ளே போய் வெளியே வந்தன. அவன் தலை மட்டும் இருந்த உயரத்திலேயே போனது. கம்பத்தின் மேலே பல்பு மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் அதைப் பார்த்தார். ஏணியை அப்படியே விட்டுவிட்டு, பல்பைக் கையில் பிடித்தபடி, "நில்லு! நில்லு!" என்று அவன் பின்னாலேயே ஓடினார். பல்போடு ஓடிவருகிற மனிதனைப் பார்த்து அவன் என்ன நினைத்தானோ, இன்னும் வேகமாக மிதித்தான். அடுத்த வளைவில் கைவண்டியில் மோதி முன் ஃபோர்க் மடங்கியது.

ஊருக்குத் திரும்பும்போது அந்த ஓட்டை சைக்கிளை அவன் அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனான். பயத்தில் கொடுத்தானா பாசத்தில் கொடுத்தானா என்பது இன்றுவரை தெரியாது. தேறியது உடம்புக் கம்பி, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆடுகிற கை, நடுவில் காற்றடிக்கிற ஒரு குட்டி ஷாக் அப்சார்பர், மீட்டர் வைத்த கையடக்கப் பம்பு, ஆங்கிலத்தில் ஒரு மடிப்புத் தாள்.

ஒற்றை அறை வீட்டில் அந்த உடம்புக் கம்பி உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கியது. கீழே பாயில் அக்கா. மழைக்காலம் முழுக்க அங்கே சைக்கிள் கட்டும் வேலை. எறணாகுளம் போய் முன்னால் அமுங்குகிற ஃபோர்க் ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். பெடல் அச்சில் கிரீஸ் வைத்தார். சக்கரத்துக்கு ஆரக்கம்பி ஒவ்வொன்றாகக் கோத்துக் கோட்டம் எடுத்தார். சக்கரம் சுற்றும்போது அக்கா படுத்தபடியே, "எடது பக்கம் உரசுதுங்க" என்பார். அண்ணன் குறும்புப் பையனின் காதைத் திருகுவதுபோல ஆரக்கம்பியை ஒரு கால் சுற்றுத் திருகுவார். "இப்ப வலது" என்பார் அக்கா. இப்படி ஒரு குடும்பம் உண்டா என்று நான் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கட்டுவது பாதி வேலைதான். பதம் பார்ப்பதில்தான் ஊர் கதிகலங்கியது. மடிப்புத் தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது, பிகாம் படித்த பாவத்துக்கு. "ஆள் ஏறி உக்காந்தா ஷாக் கால் பங்கு அமுங்கணும்னு போட்டிருக்குண்ணே. ஆளோட எடைக்குத் தகுந்த மாதிரி காத்து வைக்கணும்." ஷாக்கின் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். ஏறி உட்கார்ந்து இறங்கினால், எவ்வளவு அமுங்கியதோ அந்த இடம் வரை வளையம் நகர்ந்து நிற்கும்.

எடைக்குத் தகுந்த மாதிரி என்று நான் சொல்லியிருக்கவே கூடாது. எனக்குச் சுக்கு குடோனில் மூட்டை நிறுக்கும் வேலை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் என் தராசின் மேல் நின்றார். அதற்கு மறுநாளும். அறுபத்திரண்டு கிலோ. ஒருநாள் முள் அறுபத்திரண்டரை காட்டியது. முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "என்னடா இது! நேத்து ராத்திரி ஒரு கப்பைக்கிழங்குத் துண்டு சேத்துத் தின்னேன், அதுவா இருக்குமோ?" அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தை விட்டு எழுந்தது. பரிமாறியவர் கையில் கரண்டியோடு சிலையாக நின்றார். "சர்க்கரை வியாதியோ?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "இல்ல, சைக்கிள்" என்றேன். அவர் அப்புறம் என்னோடும் பேசவில்லை.

பிறகு ஷாக்கில் இருந்த ஒரு சிவப்புத் திருகு, திருப்பத் திருப்ப 'கிளிக், கிளிக்' என்னும். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். தாளில் படம் தெளிவாக இல்லை. நான் ஒரு பக்கம் சொன்னேன், அவர் அந்தப் பக்கமே கடைசிவரை திருகிவிட்டார். குழியில் இறங்கிய சைக்கிள் அவரை அப்படியே மேலே விட்டெறிந்தது. சாயாக்கடை முன்னால் தொங்கிய நேந்திரப்பழக் குலையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கடைச் சேட்டன் வெளியே வந்து, "எந்தா இது? சைக்கிளோ, குதிரையோ?" என்று கத்தினார். அண்ணன் குலையோடு கிடந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார், "நாலு கிளிக் கொறைக்கணும்."

கடைசியில் பதம் வந்துவிட்டது. அதை நிரூபிக்க ஒரு பரீட்சையும் வைத்தார். விளிம்பு தட்டும் ஒரு கிளாஸ் சாயாவை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஓட்டி, அந்தக் குழியில் இறங்கி ஏறுவார். சட்டையில் ஒரு சொட்டு இருக்காது. சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். சேட்டன் கிளாஸை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தெய்வமே" என்று மட்டும் சொன்னார்.

இனி அக்காவுக்கு இடம் செய்ய வேண்டும். கேரியர் மாட்டினார். நம் ஊரில் எந்த சைக்கிளுக்கும் கேரியரின் கால்கள் பின் சக்கர அச்சில்தான் முடுக்கப்படும். அப்படியே முடுக்கினார். அக்காவை மெல்ல நடத்திக் கூட்டிவந்து என் தராசில் நிறுத்தினோம். சுமட்டுக்காரர்கள் காதில் விழக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நாற்பத்தாறு என்று நான் அண்ணன் காதில் ஓதினேன். அதே எடைக்கு ஒரு சுக்கு மூட்டை கட்டி, கேரியரில் வைத்து, அண்ணன் ஏறி உட்கார்ந்து இறங்கினார். குனிந்து பார்த்தோம். ரப்பர் வளையம் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நூல்கூட நகரவில்லை.

"காத்தே ஏத்த வேண்டாம்டா! ரெண்டு ஆளையும் அதுவே தாங்குது!" என்று என் முதுகில் ஒரு அறை விட்டார். எனக்கும் ஒரே பிரமிப்பு. வெள்ளைக்காரன் சாமான் வெள்ளைக்காரன் சாமான்தான் என்று நினைத்துக்கொண்டேன். குழியில் இறக்கி ஏற்றினோம். மூட்டை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாண நாள் காலை ஆறரை மணி. லைன் வீட்டுச் சனம் மொத்தமும் வாசலில். பார்வதியக்கா பட்டுப்புடவையில் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். அண்ணன் மிதித்தார். இருபது அடி தள்ளி முதல் குழி, சின்னதுதான். அண்ணன் தண்ணீரில் மிதப்பதுபோல அதைத் தாண்டினார். "எப்படி? மெத்தை மாதிரி இல்ல?" என்று பெருமையோடு திரும்பினார்.

பின்னால் "அய்யோ!" என்று ஒரு அலறல்.

ஓடிப்போய் அக்காவைத் தாங்கி இறக்கினோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு எதுவும் விளங்கவில்லை. "குலுங்கக் கூடாதே. எனக்குக் குலுங்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. ஷாக் இருப்பது சக்கரத்துக்கும் சைக்கிளின் உடம்புக்கும் நடுவே. சீட் உடம்பில் இருக்கிறது. கேரியரோ சக்கரத்தின் அச்சில் நிற்கிறது. சக்கரம் குதித்தால் கேரியரும் கூடவே குதிக்கும். மூட்டையின் எடை ஷாக்குக்குப் போகவே இல்லை, அதனால்தான் வளையம் நகரவில்லை. தையிலிருந்து எட்டு மாதம் பாடுபட்டு, உலகத்திலேயே குலுங்காத இடத்தை அண்ணன் தனக்கும், உள்ளதில் மோசமான இடத்தை அக்காவுக்கும் செய்து வைத்திருந்தார்.

நான் சொல்லும் முன்பே அவரே குனிந்து பார்த்துப் புரிந்துகொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். ஏணியில் இருந்து விழுந்தவன்கூட அப்படி விழித்ததில்லை. 

அக்காதான் பேசினார். "நீங்க உக்காந்த எடம் குலுங்கலையா?"

"இல்ல."

"நெசமா?"

"உன் மேல ஆணையா இல்ல."

"அப்ப அதுல நான் உக்காருறேன். நீங்க எறங்குங்க."

தெருவே திகைத்தது. அண்ணன் மட்டும் திகைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்தார். அறுபத்திரண்டு கிலோவுக்கு வைத்த காற்றை நாற்பத்தாறுக்கு இறக்கினார். "புஸ்... புஸ்..." என்று நாலு தடவை. சிவப்புத் திருகை இரண்டு கிளிக் திருப்பினார். சீட்டைத் தாழ்த்தி, பழைய கறுப்பு சைக்கிளின் அகலச் சீட்டைக் கழற்றி வந்து அதில் மாட்டினார். அக்கா ஒருபக்கமாக ஏறி, இடது பெடலில் இரண்டு காலையும் வைத்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஒரு கையில் ஹாண்டில்பார், ஒரு கையில் சீட். மறுபக்கம் விழாமல் தாங்க நான். தள்ளினோம்.

தோப்பும்படி ஜங்ஷன் தாண்டி, பஸ்ஸும் ஆட்டோவும் சுற்றிக்கொண்டு போக, பள்ளுருத்தி வரை தள்ளினோம். பஸ் ஜன்னல்களில் வாய் பிளந்த முகங்கள். கோயில் உற்சவத்துக்கு யானைமேல் போகிறவர்போல அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது, அக்காவின் தலை இருந்த உயரத்திலேயே வந்தது. அண்ணன் சாலையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையும் ஷாக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதனால் குழியெல்லாம் அவர் காலுக்குத்தான். பாதி வழியில் செருப்பு அறுந்தது. ஒரு கருங்கல்லில் பெருவிரல் இடித்துக் குப்புற விழப் பார்த்து, சைக்கிளை மட்டும் சாயவிடாமல் நிமிர்ந்தார்.

கல்யாண வீட்டு வாசலில் செல்வி மாலையும் பூவுமாக ஓடி வந்தாள். "பெரியம்மா!" என்று அவள் கத்தியதில் நாதஸ்வரக்காரர் ஒருகணம் வாசிப்பதை நிறுத்தினார். அக்கா தானாக இறங்கினார். நேராக நின்றார். செல்வியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலி இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அந்த முகத்தில் இல்லை.

அண்ணன் பின்னால் நின்று, பயந்து பயந்து கேட்டார், "குலுங்கிச்சா?"

"ஒரு எடத்துல."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க? எந்த எடத்துல?"

"நீங்க கல்லுல இடிச்சு விழப் பார்த்தீங்கல்ல, அங்க."

"அது... காத்து கொஞ்சம் கூடிப்போச்சுன்னு நெனைக்கிறேன், நான் இப்பவே..." என்று பம்பை எடுக்கப் போனார்.

"காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "மொதல்ல காலைக் காட்டுங்க."

பந்தல் ஓரத்தில், அந்த முதுகோடு அக்கா குனிய முடியாது என்பதால், அந்த விரலைக் கழுவித் துணி சுற்றியவன் நான். அதுவரை அவரைப் பைத்தியம் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது வேறு யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.