ஒன்பதாவது மீன்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடே இடிந்து விழுந்தாலும் என் அறையை விட்டு நகர்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். சபதம் காலைக் காபி வரை தாங்கியது.

"என்னங்க, இன்னிக்கு அக்காவும் மாமாவும் சாப்பிட வர்றாங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்கா? சாயங்காலத்துக்குள்ள போட்டிக்கு அனுப்பணும்மா!"

"அனுப்புங்க, யாரு வேண்டாம்னா? ஆனா மாமாகூட ஹால்ல உக்காந்து பேசணும். போன தடவை பாவம், சுவரோட பேசிட்டுப் போனார்."

போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருக்கிறது. என் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. என்னைப் போன்ற கிறுக்கர்கள் சிலர் மறக்கவில்லை. வீட்டிலேயே புரோகிராம் எழுதி, அதால் முடியவே முடியாது என்று நினைத்த காட்சிகளை அதில் ஓட வைப்போம். யாருடையது அசத்துகிறது என்று வருஷத்துக்கு ஒரு போட்டி. நான் கப்பலும் மீன்களுமாக ஒரு கடல் செய்திருந்தேன். பதிவு செய்த படமில்லை. ஒவ்வொரு அலையையும் அந்தப் பாவப்பட்ட பெட்டியே அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டு வரைகிறது. பார்த்தால் எனக்கே கண் கலங்கும்.

ஒரே கஷ்டம், அது ஒரு வரிசையில் எட்டு மீனுக்கு மேல் காட்டாது. ஒன்பதாவது மீன் அம்பேல். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. முறை வைத்து மறைக்க வேண்டும். இந்தக் கணம் இந்த மீன், அடுத்த கணம் அந்த மீன். இதைக் காபி ஆறுவதற்குள் மனைவிக்கு விளக்கினேன்.

"அதாவது, எல்லாத்தையும் ஒண்ணா காட்டாம மாத்தி மாத்திக் காட்டினா, பாக்குறவங்களே சேத்து வெச்சுக்குவாங்க?"

"அதேதான்! உனக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுது?"

"நீங்க சொல்லிப் புரியாம இருக்குமா?"

உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த உச்சியில் ஒரு யோசனையும் உதித்தது. மீன் செய்வதை மனிதன் செய்யக் கூடாதா? கொஞ்சம் ஹால், கொஞ்சம் அறை. மாறி மாறித் தோன்றினால், நாள் முழுக்க நான் ஹாலிலேயே இருந்ததாகச் சகலை நம்பிவிடுவார்!

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி சாப்பாட்டு மேசையில்தான் துணி தைப்பாள். குழம்பில் நூல் வரும். தையல் வகுப்பு நடத்த என் அறை வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். முழு வாக்கியத்தில் கேட்பாள். நான் ஒரே வார்த்தையில் மறுப்பேன்.

மனைவியின் அக்காவோடு சகலை வந்தார். ஆயத்த ஆடைப் பட்டறை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத நல்ல மனிதர். உட்கார்ந்தேன், சிரித்தேன், "தண்ணி கொண்டு வர்றேன்" என்று எழுந்து அறைக்குள் பாய்ந்து ஒரு வரி திருத்திவிட்டுத் தண்ணீரோடு தோன்றினேன்.

"என்னங்க, மாமா பட்டறையில புது மிஷின் போடுறாராம். பழைய மிஷின் ரெண்டைச் சும்மாத் தர்றேங்கிறார். வாங்கிக்கலாமா?"

சும்மா வருவதை யார் மறுப்பார்கள்? தலையாட்டிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தேன்.

"அக்கம்பக்கத்துல நாலு பேர் தைக்கக் கத்துக்கணும்ங்கிறாங்க. சொல்லித் தரட்டுமா?"

"பேஷா!"

மறுபடி ஓட்டம். கப்பல் குறுக்கே வந்தபோது மீனுக்கு வால் காணாமல் போயிற்று. வாலை ஒட்டிவிட்டு வந்தேன்.

"தைக்கிறதுக்கு நல்ல வெளிச்சம் வேணும்ல?"

"பின்னே? கண்ணு என்னத்துக்கு ஆகும்!" என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

"கிழக்கு ஜன்னல்லதான் வெளிச்சம் ஜாஸ்தி, இல்லீங்களா?"

எது கிழக்கு என்று யோசிக்க நேரமில்லை. தலை ஆடியது, கால் ஓடியது.

சாயங்காலத்துக்குள் அனுப்பியே விட்டேன்! எல்லோரையும் அறைக்குள் அழைத்தேன். கடல் புரண்டது. கப்பல் போனது. ஒரு மீன் குறையவில்லை. மனைவி என் தோளில் கை வைத்தாள்.

"எவ்வளவு அழகா இருக்குங்க! நிஜமாவே நீந்துது."

உருகிப்போனேன். அப்போது சகலை ஜன்னலில் நான் தொங்கவிட்டிருந்த போர்வையை விலக்கினார். அந்த நேரத்திலும் அறை முழுக்க வெளிச்சம். பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார்.

"என்ன சகலை அளக்குறீங்க?"

"ரெண்டு மிஷின் தாராளமா நிக்கும். உங்களுக்குப் பெரிய மனசு சகலை!"

"இந்த ரூமையா? நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?"

"மிஷினுக்குத் தலையாட்டினீங்க" என்றாள் மனைவி. "வகுப்புக்குப் பேஷான்னீங்க. வெளிச்சத்துக்குப் பிரசங்கம் பண்ணினீங்க. கிழக்கு ஜன்னல் நம்ம வீட்டுல இது ஒண்ணுதான். சேத்துப் பாருங்க."

சேர்த்துப் பார்த்தேன். அறை போயிருந்தது.

"அப்ப என் பெட்டி?"

"ஹால்ல வைப்போம். இப்படி ஒரு கடலைப் பண்ணிட்டு, யாரும் பாக்காம இருட்டுல வெச்சிருந்தா எப்படிங்க?"

கோபப்பட முயன்றேன். பாழாய்ப்போன சிரிப்புத்தான் வந்தது. "சரி, யோசிக்க ஒரு வாரம் டைம் குடு. மிஷின் வரட்டும், பாக்கலாம்" என்றேன் கெத்தாக.

சகலை சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"மிஷினைக் காலையிலேயே வண்டியில ஏத்திட்டுத்தான் வந்தோம் சகலை. வாங்க, ஒரு கை பிடிங்க."