மூஸ் துவக்கும் பெண் பார்க்கப் போன ஞாயிறும்

துவக்குச் சுடத் தெரியும் என்று நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லாமல் விட்டேன். செய்த குற்றம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் கார்க் கதவுகளுக்குக் கைபிடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் போர்மனின் பெயர் எர்ல். ஐம்பது வயது, குளிர்சாதனப் பெட்டிக்குச் சட்டை போட்டதுபோல உடம்பு. வருடத்தில் பதினொரு மாதம் அவர் பேசுவது ஒரே விஷயம்தான்: ஒக்டோபரில் வடக்கே போய் மூஸ் வேட்டையாடுவது. (மூஸ் என்பது மான் இனம்தான். ஆனால் எங்களூர் மானை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கப் போகக் கூடாது. மினிபஸ்ஸுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும்.)

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், இலங்கையில் சண்டை நடக்கிறதே, அப்படியானால் உனக்குத் துவக்கெல்லாம் பழக்கமாக இருக்குமே என்று எர்ல் கேட்டார். உண்மையைச் சொல்வதென்றால், ஊரில் வெடிச்சத்தம் கேட்டவுடன் பதுங்குகுழிக்குள் முதல் ஆளாக இறங்குகிறவன் நான். எனக்கு மேல்தான் மற்றவர்கள் விழுவார்கள். இதைச் சொல்லியிருக்கலாம். நானோ, வாயிலிருந்த இடியப்பத்தை மெதுவாக மென்றபடி, யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பழைய கதை" என்றேன்.

பின்னேரம் வேலை முடிவதற்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். அதுவரை என்னைக் கண்டால் பாரமான பெட்டிகளைக் காட்டிக் கையசைத்தவர்கள், அடுத்த நாள் தாங்களே தூக்கினார்கள். மூன்று மாதம் அந்த மரியாதையைச் சுகமாக அனுபவித்தேன். என்னைப்போல ஒரு கோழைக்கு அது கிடைத்தற்கரிய மூன்று மாதம்.

ஒக்டோபர் வந்தது. எர்ல் புதிதாக ஒரு பெரிய றைபிள் வாங்கியிருந்தார். வேட்டைக்குப் போகுமுன் அதன் குறியைச் சரிபார்க்க வேண்டுமாம். உன்னைப் போன்ற ஆளின் அபிப்பிராயம் தேவை, சனிக்கிழமை வா என்றார். அந்தச் சனிக்கு அடுத்த நாள், ஞாயிறு பின்னேரம், அஜின்கோர்ட்டில் எனக்குப் பெண் பார்ப்பதற்கு அக்கா ஒழுங்கு செய்திருந்தா. அப்போது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, ஓவர்ரைம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அஜக்ஸுக்கு வடக்கே, காட்டோரம் இருந்தது சுடும் மைதானம். வரிசையாக மேசைகள். தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் சட்டங்களில் இலக்குத் தாள்கள். ஒவ்வொரு சட்டத்துக்குப் பக்கத்திலும் இலக்கம் எழுதிய பலகை. எர்ல் முதலில் மூன்று தரம் சுட்டார். ஒவ்வொரு தரமும் மேசை அதிர்ந்தது, ஆனால் அவருடைய உடம்பு பெரிதாக அசையவில்லை. ஆகவே இதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன். (எர்லின் நிறை என்னைப்போல இரண்டு மடங்கு என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.)

ஏதாவது காட்டித் தர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தேன்.

உட்கார்ந்து றைபிளைத் தூக்கினேன். சுடும்போது பிடங்கு, அதாவது துவக்கின் அடிக்கட்டை, பின்னுக்கு உதைத்துத் தோளில் பட்டால் நோகும் என்று எனக்கே தோன்றியது. ஆகவே தோளுக்கும் பிடங்குக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டேன். உதை வந்து சேர்வதற்குள் வேகம் குறைந்துவிடும் என்பது என் கண்டுபிடிப்பு. மேலே பூட்டியிருந்த ஸ்கோப்பில் இலக்கு சின்னதாகத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வடிவாகத் தெரியும் என்று கண்ணை அதன் வளையத்தோடு ஒட்டி வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசையை ஒரே இழுவை இழுத்தேன்.

அடுத்ததாக நான் கண்டது ஆகாயம். நல்ல நீலம், இரண்டு வாத்துகள் பறந்துகொண்டிருந்தன. கதிரையும் நானும் பின்பக்கமாக விழுந்திருந்தோம். எர்ல் பாய்ந்து துவக்கைப் பிடித்துவிட்டார், என்னைப் பிடிக்கவில்லை. முகத்தில் ஏதோ சூடாக வழிந்தது. ஸ்கோப்பின் வளையம் என் வலது புருவத்தில் மூன்றாம் பிறை ஒன்றை வெட்டியிருந்தது. குண்டு மூன்று மேசை தள்ளியிருந்த ஏழாம் இலக்கப் பலகையின் காலை முறித்திருந்தது. பலகை நின்று யோசித்துவிட்டு மெதுவாகச் சரிந்தது.

எர்ல் காயத்தைத் துடைத்து பிளாஸ்ரர் ஒட்டினார். பிறகு தணிந்த குரலில், நீ இதற்கு முன் எப்போதாவது துவக்குச் சுட்டிருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் வெளியே வந்தது.

அவர் என்னைப் பார்த்தார், சரிந்த பலகையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பொய்யைச் சுமந்து திரிந்த பாரம் இறங்கியது போலிருந்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் புருவம் நொந்தது.

அதன்பிறகுதான் அவர் முறையாகச் சொல்லித் தந்தார். பிடங்கைத் தோளின் குழிக்குள் இறுக்கி அணைக்க வேண்டும். இடைவெளி விட்டால் அது ஓடிவந்து இடிக்கும், அணைத்துப் பிடித்தால் உடம்போடு சேர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். உடம்பு சற்று முன்னுக்குச் சாய வேண்டும். கன்னம் கட்டையில் படிய வேண்டும். கண் ஸ்கோப்பிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவனுக்கே தெரியக் கூடாது.

முதலில் ஒரு சின்னத் துவக்கைத் தந்து பழக்கினார். பிறகு பெரியதை, தான் திரும்பி நின்று, குண்டு போட்டதாகச் சொல்லிக் கையில் தந்தார். நான் அணைத்தேன், சாய்ந்தேன், அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டே இல்லை. ஆனால் நானோ கண்ணை இறுக்கிப் பல்லைக் கடித்துத் தோளை முன்னுக்கு எறிந்து, குழாயை மேசைவரை இறக்கியிருந்தேன். துவக்கு சும்மாதான் இருந்தது, ஆடியது முழுக்க நீதான் என்றார் எர்ல். குறி தவறுவது உதையால் இல்லையாம். உதைக்கப் போகிறதே என்ற பயத்தாலாம்.

குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே பத்துப் பதினைந்து தரம் அழுத்தியதில் ஆட்டம் அடங்கியது. கடைசியாக ஒரு தரம் உண்மையாகவே வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், தாளின் மூலையில் ஒரு ஓட்டை. நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான். ஆனாலும் என்னுடைய தாள், என்னுடைய ஓட்டை. எர்ல் கை குலுக்கினார். அந்தச் சந்தோசத்தில் ஞாயிற்றுக்கிழமையை மறந்தே போனேன்.

அக்கா மறக்கவில்லை. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவ, அப்படியே போய் செற்றியில் உட்கார்ந்துவிட்டா.

விடிய எழுந்தபோது வலது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. தோள் முழுக்கக் கன்றிய கண்டல், கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. திகதி மாற்றுவோம் என்றேன். பெண்ணின் தகப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இருக்கிறார், இனி மாற்றினால் சம்பந்தமே மாறிவிடும் என்று அக்கா சொன்னா. பவுடர் பூசிப் பார்த்தா. கத்தரிக்காய்க்கு மா பூசினதுபோல இருந்தது. அதன்மேல் திருநீற்றை அள்ளிப் புருவத்தையும் சேர்த்து மூடினா. யாராவது கேட்டால் கபேட் கதவு இடித்தது என்று சொல், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று காரில் போகும்போது ஏழு தரம் சொன்னா.

பெண்ணின் தகப்பனார் ஊரில் ஆசிரியராக இருந்தவர். இங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை. ஆனால் பார்வை ஆசிரியருடையதாகவே இருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"என்ன தம்பி, நெத்தியில?"

"கபேட் கதவு" என்றா அக்கா.

"ஐஸில சறுக்கிப் போட்டன்" என்றேன் நான், அதே நேரத்தில்.

அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில். மேப்பிள் மரத்தில் இன்னும் இலை இருந்தது. அந்த வருடம் ஐஸ் என்பது இனிமேல்தான் வர இருந்தது.

மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்தா. (பெண்ணின் தாய். அப்போது அவ அன்ரி, தகப்பனார் அங்கிள். மாமி, மாமா ஆனது பிறகு.) இடது கையால் வாங்குவது மரியாதையில்லை என்று வலது கையை நீட்டினேன். கை பாதி வழிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. கோப்பை அதற்குமேல் பொறுமை காக்கவில்லை. அங்கிளின் வேட்டியில் போய்ச் சேர்ந்தது.

அவர் வேட்டியை உதறிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, நேரா ஒண்டு கேக்கிறன். நீர் ஏதும் குறூப்பில இருக்கிறீரோ?"

அந்தக் காலத்தில் எங்கள் பொடியள் சிலர் கோஷ்டி சேர்ந்து அடிபட்ட கதைகள் ரொறன்ரோ முழுக்க அடிபட்டன. பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனும் அதைத்தான் கேட்பார். அக்காவைப் பார்த்தேன். அவ கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. இனி மறைக்க என்ன இருக்கிறது. இடியப்பத்தில் தொடங்கி ஏழாம் இலக்கப் பலகைவரை எல்லாவற்றையும் சொன்னேன். பதுங்குகுழியில் முதல் ஆளாக இறங்கியதையும் சொன்னேன்.

சொல்லி முடித்தேன். பிறகு குசினி வாசலிலிருந்து பெண் வெளியே வந்தா. பெயர் வதனி. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை.

"ஸ்கோப்பில இருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைச்சிருந்தனீங்கள்?"

"ஒட்டித்தான்."

"லென்ஸுக்கு அப்பிடி ஒட்டக் கூடாது. தள்ளி இருந்தாத்தான் முழுசாத் தெரியும்" என்றா. சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அன்ரியும் சிரித்தா. அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த எர்லைத் தானே நேரில் பார்க்க வேண்டும் என்றார். சாட்சி விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டு கிழமை கழித்து நானும் அங்கிளும் வதனியும் அஜக்ஸ் பக்கம் போனோம். எர்ல் எல்லாவற்றையும் உறுதிப்படுத்தினார், கதிரை விழுந்த விதத்தை நடித்தும் காட்டினார். பிறகு வதனி தானும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றா. எர்ல் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டா, சின்னத் துவக்கில் பழகினா. பிறகு பெரியதை அணைத்து முன்னுக்குச் சாய்ந்து மூன்று தரம் சுட்டா. மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணீர்ச் சாசரால் மூடிவிடலாம். அவ தோளைத் தடவிக்கொண்டு இன்னொரு தரம் சுடலாமோ என்று கேட்டபோது, எனக்கு இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று முதல்முறையாக உண்மையான பயம் வந்தது.

401 நெடுஞ்சாலையால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அங்கிள், "தையில நல்ல நாள் இருக்குதோ எண்டு ஐயரைப் பாக்கச் சொல்லுறன்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். எழும்பி மைக்கைப் பிடித்து, ஒரு வசனம்தான் சொன்னார்: "மருமகனைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. அவர் துவக்கெடுத்துச் சுட்டாலும் காயம் அவருக்குத்தான்." மண்டபம் முழுக்கச் சிரித்து ஓய்ந்தது. எர்லுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் மட்டும் தனியாக இரண்டாம் சுற்றுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் சுத்தியலைத் தொட்டாலும் சரி, பாபிகியூ அடுப்பை மூட்டினாலும் சரி, யாராவது ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. போன கோடையில் மகள் ஒரு பொடியனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கதவடியில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒரு தகப்பனுக்குரிய மிடுக்கோடு நின்றேன். பொடியன் படியில் தயங்கினான். மகள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"டோன்ற் வொறி, வா. அப்பா சுட்டாலும் காயம் அப்பாக்குத்தான்."